எஃப்355 வாங்குவதா, என்எஸ்எக்ஸ் வாங்குவதா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மற்றவர்களுக்கும் புரியும்படி சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். லண்டன் ஹாரோவில் வீடு, ஒரே ஒரு கராஜ். கையில் இருக்கும் பணத்துக்கு இரண்டு கார்கள் அகப்பட்டிருக்கின்றன. ஒன்று 1995 ஃபெராரி எஃப்355 பெர்லினெட்டா (கூரை மூடிய மாடல்): சிவப்பு, ஆறு கியர் மேனுவல், 31,000 மைல், டைமிங் பெல்ட் (என்ஜின் வால்வுகளை இயக்கும் பட்டை) மாற்றி ஆறு வருடம், கடந்த ஏழு வருடத்தில் ஓடியது 900 மைல். இன்னொன்று 1992 ஹோண்டா என்எஸ்எக்ஸ்: கறுப்பு, ஐந்து கியர் மேனுவல், 74,000 மைல், பத்து வருடமாக ஒரே உரிமையாளர், வாராவாரம் ஓட்டுகிறவர், வருடம் தவறாமல் சர்வீஸ். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஜூனில் திருநெல்வேலியிலிருந்து அப்பா வருகிறார். முப்பது வருடம் லாரி ஓட்டிய மனிதர். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து வேல்ஸ் மலைப்பாதையில் போகவேண்டும். சின்ன வயதிலிருந்து ஃபெராரிதான் ஆசை, ஆனால் பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

என் பதில் என்எஸ்எக்ஸ். ஹோண்டா கெடாது, ஃபெராரி கெடும் என்று எல்லோரும் சொல்கிற காரணத்துக்காக இதைச் சொல்லவில்லை. நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கும் 355-களை இருபது வருடமாகக் கையில் வைத்து வேலை பார்த்திருக்கிறேன். கவனிப்பில்லாமல் நாசமான என்எஸ்எக்ஸ்-களையும் பார்த்திருக்கிறேன். உங்கள் முன்னால் இருக்கிற இந்த இரண்டில் ஒன்று ஓடுகிற வண்டி, மற்றது நிற்கிற வண்டி. நான் அங்கிருந்துதான் பார்க்கிறேன்.

ஏழு வருடத்தில் 900 மைல் என்பதை விற்பவர் பெருமையாகச் சொல்லியிருப்பார். எனக்கு அதுதான் முதல் கவலை. வண்டி நின்றால் ஆயில் முழுதும் கீழே இறங்கிவிடும், சீல்கள் காய்ந்து சுருங்கும், பெட்ரோல் குழாயின் ரப்பர் உள்ளிருந்தே வெடிப்புவிடும். பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்துக் காலிப்பரைத் துருப்பிடிக்க வைக்கும். என்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் பழசாகித் தன் காப்புத்தன்மையை இழந்து அலுமினியத்தை அரிக்கும். டைமிங் பெல்ட்டும் ஒரே இடத்தில் வளைந்தபடி இறுகிக் கிடக்கும். நம் ஊரில் நிறுத்திவைத்த பம்பு செட்டை வருடம் கழித்துப் போட்டால் என்ன ஆகும் என்று பார்த்திருப்பீர்கள். எட்டு சிலிண்டர் வைத்து நிமிடத்துக்கு 8,250 சுற்றில் 380 குதிரைத்திறன் கொடுக்கிற என்ஜினுக்கு அதைவிட அதிக இரக்கம் கிடைக்காது.

355 எப்படிப்பட்ட கார் என்பதைச் சொல்லாமல் அதைத் தள்ளிவைக்க எனக்கு மனம் வரவில்லை. 1989-இல் ஃபெராரி 348 வந்தது. அடுத்த வருடமே ஹோண்டா என்எஸ்எக்ஸ் விற்பனைக்கு வந்தது. இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தவர்களுக்கு 348-இன் குறைகள் பளிச்சென்று தெரிந்தன: கியர் மாற்றுவது முரடு, டயர் பிடியின் எல்லையில் வண்டியின் நடத்தை நம்பமுடியாதது, வேலைத்தரம் சுமார். 1994-இல் வந்த எஃப்355-ஐ ஹோண்டாவுக்கு ஃபெராரி கொடுத்த பதில் என்று பலர் சொல்வார்கள். நானும் அப்படியே நினைக்கிறேன். பெயரிலேயே விவரம் இருக்கிறது: 3.5 லிட்டர், சிலிண்டருக்கு 5 வால்வு. மொத்தம் 40 வால்வுகள். இத்தாலிய வடிவமைப்பு நிறுவனமான பினின்ஃபரீனா வடித்த உடல். அதில் எந்தக் கோட்டையும் மாற்றத் தோன்றாது. 6,000 சுற்றுக்கு மேல் அந்த என்ஜின் எழுப்பும் சத்தம், என் காதில் விழுந்த எந்த வி8-ஐயும் விட அழகு. உங்கள் ஆசையில் தவறே இல்லை.

இனி வேலைக்கு வருவோம். 355-இல் டைமிங் பெல்ட் என்ஜினின் முன்பக்கத்தில், இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் தகட்டை ஒட்டி இருக்கிறது. கை நுழைய இடமில்லை. ஆகவே பெல்ட் மாற்ற என்ஜினை இறக்கவேண்டும். வண்டியை லிஃப்டில் ஏற்றி, என்ஜின், கியர் பாக்ஸ், பின் சஸ்பென்ஷன் மூன்றையும் ஒரே சட்டத்தோடு கீழ்ப்பக்கமாக இறக்குவோம். இதை மூன்று வருடத்துக்கு ஒருமுறை, மிஞ்சினால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை செய்யவேண்டும். மைல் கணக்கு இதில் பொருட்டில்லை. பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் மோதும். அதற்குப் பிறகு நீங்கள் பேசுவது பெல்ட்டைப் பற்றியல்ல, புது என்ஜினைப் பற்றி. உங்கள் 355-க்கு ஆறு வருடம் கடந்துவிட்டது. அதாவது வாங்கிய நாளிலேயே என்ஜின் இறங்கவேண்டும்.

இறக்கிய பிறகுதான் மற்றவை கண்ணில் படும். பெல்ட்டோடு டென்ஷனர் பேரிங், கேம் சீல், தண்ணீர்க் குழாய்கள் எல்லாம் மாற்றத்தான் வேண்டும். அதைத் தவிர்ப்பது புத்திசாலித்தனமில்லை. ஆனால் நிஜமாகப் பணத்தைத் தின்பவை இரண்டு. முதலாவது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, அதாவது என்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுதி. இந்தக் காரின் அசல் மேனிஃபோல்டு இரட்டைச் சுவர் கொண்டது. உள்சுவர் வெடித்து உடைந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் நன்றாகவே இருக்கும். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது டிக் டிக் என்று சத்தம் கேட்டு, சூடானதும் மறைந்தால் அது அநேகமாக இதுதான். தடித்த ஸ்டெயின்லெஸ் குழாயில் செய்த மேனிஃபோல்டு மாற்றியிருந்தால் அந்தக் கவலை தீர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். அசல் பொருள் இல்லையே என்று வருத்தப்படவேண்டாம்.

இரண்டாவது வால்வு கைடு, அதாவது வால்வு தண்டு ஏறி இறங்கும் குழல். ஆரம்ப வருடக் கார்களில் வெண்கல கைடு போட்டிருந்தார்கள். அவை எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தேய்ந்தன. கைடு தேய்ந்தால் வால்வு தண்டு ஆடும், வால்வு தன் இருக்கையில் சரியாக உட்காராது, என்ஜின் ஆயில் குடிக்கும். சில கார்கள் இந்தக் குறை இல்லாமலே 50,000 மைல் தாண்டுகின்றன. சிலவற்றுக்கு அதில் பாதியிலேயே ஹெட்டை (வால்வுகள் இருக்கும் என்ஜினின் மேல்பகுதியை) கழற்ற வேண்டி வருகிறது. வெளித்தோற்றத்தை வைத்துச் சொல்லமுடியாது. இதற்கு லீக் டவுன் சோதனை வேண்டும்: ஒவ்வொரு சிலிண்டரின் பிஸ்டனையும் மேல் உச்சத்தில் நிறுத்தி, ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து, எத்தனை சதவீதம் கசிகிறது என்று அளப்பது. எங்கே கசிகிறது என்பதைக் காது சொல்லும். சைலன்சர் வழியாகக் காற்று சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாய் வழியாக வந்தால் பிஸ்டன் ரிங். எட்டு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருக்கமான எண்களைக் காட்டவேண்டும். ஒன்று மட்டும் தனியாக எகிறி நின்றால் கவலைப்படுங்கள். கம்ப்ரஷன் மட்டும் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அந்தச் சோதனை இந்தக் குறையைப் பல சமயம் மறைத்துவிடும்.

இங்கே என் அனுபவம் ஒன்று. சில வருடங்களுக்கு முன் ஒருவர் 355 வாங்கிவந்தார். சர்வீஸ் புத்தகத்தில் வரிசையாக முத்திரைகள்; பெல்ட் மாற்றி எட்டு மாதம் என்று கடைசி முத்திரை சொன்னது. வேறு ஒரு ஆயில் கசிவுக்காக என்ஜினை இறக்கினோம். பெல்ட்டின் பற்களுக்கு அடியில் மயிரிழை வெடிப்பு, டென்ஷனர் பேரிங்கில் கிரீஸ் காய்ந்து பொடியாகியிருந்தது. எட்டு மாதப் பெல்ட் அல்ல என்பது பார்த்ததுமே தெரிந்தது. முத்திரை குத்தியவர்கள் கைவிரித்துவிட்டார்கள். விற்றவர் போனையே எடுக்கவில்லை. அந்த மனிதர் என் முன்னால் மௌனமாக நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. அன்றிலிருந்து முத்திரையை நான் சான்றாக எடுப்பதில்லை. பாக எண்ணோடு, வேலை நேரத்தோடு, தேதியோடு உள்ள பில்தான் சான்று. 355 உரிமையாளர் ஒருவரிடம் என்ஜின் இறக்கிய பில் இல்லையென்றால், என்ஜின் இறங்கவில்லை என்றே நான் கணக்கு வைப்பேன்.

இந்த நாட்டில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. பதிவு எண்ணைப் போட்டால் அந்தக் காரின் எம்ஓடி (வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை) வரலாறு அரசுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். 2005-க்குப் பிந்தைய சோதனைகள், ஒவ்வொரு வருட மைல் கணக்கு, சோதகர் எழுதிய குறிப்புகள் எல்லாம் இருக்கும். விற்பவர் சொல்லும் கதையை அதோடு ஒப்பிடுங்கள். நான் மைலைவிடக் குறிப்புகளைத்தான் முதலில் படிப்பேன். 'ஆயில் கசிவு' என்று மூன்று வருடம் தொடர்ந்து எழுதியிருந்தால், அந்த மூன்று வருடமும் உரிமையாளர் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறார் என்று பொருள். வண்டியை அறிவதற்கு முன் அதை வைத்திருந்தவரை அறிந்துகொள்ள இது நல்ல வழி. காரின் மேல் கடன் பாக்கி ஏதும் இருக்கிறதா என்று தனியாகச் சரிபார்ப்பதையும் விட்டுவிடாதீர்கள்.

இப்போது என்எஸ்எக்ஸ். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் முதலில் காட்டினார்கள், 1990-இல் விற்பனை. உடல் முழுவதும் அலுமினியத்தில் செய்த முதல் தொடர் உற்பத்திக் கார் இது. ஹோண்டா பொறியாளர் ஷிகெரு உஎஹாரா தலைமையில் உருவானது. முன்மாதிரியை ஜப்பானின் சுசூகா பந்தயத் தடத்தில் ஓட்டிப்பார்த்த ஃபார்முலா 1 வீரர் அயர்டன் சென்னா உடலின் விறைப்பு போதவில்லை என்றார். ஹோண்டாக்காரர்கள் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் தங்கிச் சோதித்து அதைக் கூட்டினார்கள். மெக்லாரன் எஃப்1 என்ற சாலைக் காரை வடிவமைத்த கார்டன் மர்ரே, தன் கார் சாதாரணச் சாலையில் எப்படி நடக்கவேண்டும் என்பதற்கு என்எஸ்எக்ஸ்-ஐத்தான் அளவுகோலாக வைத்தார், அதைப் பல வருடம் சொந்தமாகவும் வைத்திருந்தார். என்ஜின் 2,977 சிசி வி6, சுமார் 270 குதிரைத்திறன், 8,000 சுற்று வரை ஏறும். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு டைட்டானியம்; 355-இலும் அப்படியே. இலேசான ராடு என்பதால்தான் இரண்டும் அந்த உயரத்துக்குப் பாடுகின்றன. எடை ஏறத்தாழ 1,370 கிலோ. 355 அளவுக்கு வேகம் இல்லை, அதை மறைக்கவில்லை. 110 குதிரைத்திறன் வித்தியாசம் முதுகுக்குத் தெரியும்.

டைமிங் பெல்ட் இதிலும் உண்டு. அறுந்தால் வால்வுகள் இதிலும் வளையும். ஆனால் என்ஜினை இறக்காமலே மாற்றிவிடலாம். தண்ணீர் பம்பையும் சேர்த்து ஆறேழு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். இந்த ஒரு வித்தியாசமே பத்து வருடத்தில் உங்கள் செலவுக் கணக்கை வேறாக்கிவிடும்.

ஆனால் உங்கள் காரின் வருடம் 1992. அங்கே ஒரு கண்டம் இருக்கிறது. 1991-இலும் 1992-இன் தொடக்கத்திலும் செய்த ஐந்து கியர் பாக்ஸ்களில் ஒரு தொகுதிக்கு, பேரிங்கைப் பிடித்து நிற்கும் ஸ்னாப் ரிங்கின் பள்ளம் அளவு தப்பிப் போனது. ரிங் ஆடி ஆடி ஒருநாள் உடையும், பேரிங் இடம்பெயரும், கியர் பாக்ஸ் உறை உள்ளிருந்து கடிபடும். ஒவ்வொரு காருக்கும் இது நேர்வதில்லை. கியர் பாக்ஸின் மேல் அச்சிட்ட எண் பாதிக்கப்பட்ட வரிசைக்குள் வருகிறதா என்று பார்த்துவிடலாம். என்எஸ்எக்ஸ் உரிமையாளர் சங்கங்களில் அந்த வரிசை எல்லோருக்கும் தெரிந்தது. எண் உள்ளே வந்தால், உறை மாற்றியதற்கான பில் கேளுங்கள். பில் இல்லையென்றால் அந்த வேலைக்கான தொகையை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். 74,000 மைல் ஓடியும் உடையவில்லையே என்று விற்பவர் வாதாடலாம். அது நாளைக்கும் உடையாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மற்றவை வயதின் நோய்கள். ஏசி கட்டுப்பாட்டுப் பெட்டியிலும் போஸ் ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயரிலும் கெப்பாசிட்டர் கசிந்து பலகையை அரிக்கும். மெயின் ரிலேயில் ஈயப்பற்று வெடித்து, சூடான என்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும். கூலண்ட் தொட்டி பழுப்பேறி வெடிப்புவிடும். கண்ணாடி ஏறி இறங்க நேரம் எடுக்கும். பழைய ஏபிஎஸ் அமைப்பு அடிக்கடி எரிச்சலூட்டும். இவற்றில் எதுவும் உங்களைக் கடனாளி ஆக்காது. டயர் மட்டும் கவனியுங்கள்: முன்னால் 15 அங்குலம், பின்னால் 16 அங்குலம், அதற்கு நல்ல டயர் கிடைப்பது இப்போது சுலபமில்லை, பின் டயர் சீக்கிரம் தேய்வது இந்தக் காரின் பிறவிக்குணம். இரண்டு கார்களிலும் டயர் ஓரத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் வருடம் 23-ஆம் வாரம். டயரின் தடம் தேயாமல் புதுசுபோல இருந்தாலும் பத்து வயது டயரில் அப்பாவை ஏற்றாதீர்கள்.

அடிபட்ட காரா என்பதை என்எஸ்எக்ஸ்-இல் கண்டுபிடிப்பது கடினம். இரும்பு உடலில் காந்தத்தை வைத்துப் பார்த்தால் பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது. அலுமினியத்தில் எங்குமே ஒட்டாது. சாதாரண பெயிண்ட் மீட்டரும் இரும்பை மட்டும்தான் அளக்கும். அலுமினியத்தையும் அளக்கிற மீட்டர் வைத்திருப்பவரை அழைத்துப்போங்கள். அலுமினிய டிங்கரிங் தெரிந்தவர்கள் குறைவு, தகடுகளின் விலையும் அதிகம், ஆகவே அரைகுறையாகச் செய்து விற்றுவிடுகிறவர்கள் உண்டு. அடிபட்ட என்எஸ்எக்ஸ்-ஐ எந்த விலைக்கும் வாங்கவேண்டாம். அலுமினியம் துருப்பிடிக்காது என்றாலும், குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு இரும்பு போல்ட்டும் அலுமினியமும் சேரும் இடங்களை அரித்து இறுக்கிவிடும்; சஸ்பென்ஷன் போல்ட்டுகளைக் கீழே படுத்துப் பாருங்கள். 355-இல் இதற்கு இணையாகப் பார்க்கவேண்டியது, பின் கண்ணாடியின் இருபுறமும் சரியும் தூண்களின் அடிப்பகுதி. அங்கே பெயிண்ட் குமிழ்விட்டிருந்தால் உள்ளே துரு.

ஜப்பானிலிருந்து இறக்குமதியான என்எஸ்எக்ஸ்-ஆ, இங்கேயே புதிதாக விற்றதா என்று நீங்கள் எழுதவில்லை. இறக்குமதி என்றால் அதற்காக ஒதுக்கவேண்டாம். ஜப்பான் கார்களில் நல்லவை நிறைய. ஆனால் இங்கே வருமுன் ஓடிய கணக்குக்குக் காகிதம் வேண்டும். ஸ்பீடோமீட்டரைக் கிலோமீட்டரிலிருந்து மைலுக்கு மாற்றிய தேதியும் வேண்டும். அந்த இடைவெளியில்தான் எண்கள் காணாமல் போகும்.

ஓட்டுவது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். 355-இல் குளிர்ந்த காலையில் இரண்டாம் கியர் விழாது. இது பழுதல்ல, கியர் ஆயில் சூடாகும்வரை பத்து நிமிடம் ஒன்றிலிருந்து மூன்றுக்குப் போய்விடுவது வழக்கம். சூடான பிறகு, திறந்த உலோகத் தடத்தில் லீவர் இடிபட்டு 'க்ளக்' என்று விழும்போது கை தானாக இன்னொரு முறை மாற்றத் துடிக்கும். சூடான பிறகும் இரண்டாம் கியர் கரகரத்தால் அது பழுது. கிளட்ச் மட்டும் இந்தக் காரில் ஆச்சரியமாக எளிது: அது பின்கோடியில் இருப்பதால் என்ஜினைத் தொடாமலே மாற்றலாம்.

என்எஸ்எக்ஸ்-இல் ஏறி உட்கார்ந்ததும் முதலில் உணர்வது வெளிச்சம். டாஷ்போர்டு தாழ்ந்து, முன் கண்ணாடி அகன்று, சுற்றிலும் சாலை தெரியும். கியர் லீவர் குட்டையாக, விரலால் தள்ளினால் போய் உட்காரும். 5,800 சுற்றில் விடெக் (வால்வு திறக்கும் அளவை மாற்றும் ஹோண்டா அமைப்பு) மாறும்போது தொனி சட்டென்று உயர்ந்து, அங்கிருந்து 8,000 வரை ஒரே இழுப்பு. கியர்கள் நீளம், இரண்டாம் கியரே மணிக்கு 80 மைலைத் தொடும். அதாவது வேல்ஸ் மலைச்சாலையில் 60 மைல் சட்ட வரம்புக்குள், பெரும்பாலும் இரண்டாம் கியரில்தான் இருப்பீர்கள். என் கருத்தில் இந்தக் காரின் ஒரே நிஜமான குறை இது. ஐந்து கியர் மேனுவலில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. நிறுத்துமிடத்தில் திருப்பும்போது தோள் வலிக்கும். நகர்ந்துவிட்டால் சாலையின் ஒவ்வொரு சிறு மேடும் உள்ளங்கைக்கு வந்து சேரும்.

ஹாரோவில் இருப்பதால் ஒரு விஷயம் இரண்டு காருக்கும் பொது. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா வட்டாரங்களும் உலெஸ் என்னும் புகைக் கட்டண மண்டலத்துக்குள் வந்துவிட்டன. கட்டணமில்லாமல் ஓட்ட, பெட்ரோல் கார் யூரோ 4 புகைத் தரத்தில் இருக்கவேண்டும். இந்த வயதுக் கார்கள் பெரும்பாலும் அதில் தேறா. வெளியே எடுக்கும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. கராஜில் நின்றால் கட்டணம் இல்லை. நாற்பது வயது ஆனால் விலக்கு உண்டு. அதற்கு இன்னும் பல வருடம் இருக்கிறது. இது பெரிய தொகையல்ல, ஆனால் மனதில் ஒரு தயக்கத்தை உண்டாக்கும். 'இன்று வேண்டாம்' என்று நினைக்கவைக்கும். அப்படி வேண்டாம் வேண்டாம் என்று நிறுத்தித்தான் அந்த 355 ஏழு வருடத்தில் 900 மைல் ஓடியிருக்கிறது. வாங்கும்போதே வருடத்துக்கு இத்தனை நாள் என்று அந்தக் கட்டணத்தையும் பட்ஜெட்டில் போட்டுவிடுங்கள். பெட்ரோல் இ5 சூப்பர் (எத்தனால் ஐந்து சதவீதத்துக்கு மிகாதது) மட்டும் போடுங்கள். இன்சூரன்ஸ் எடுக்கும்போது ஒப்புக்கொண்ட மதிப்பு எழுதிக்கொடுக்கும் பாலிசியாக எடுங்கள். சந்தை விலை என்று மொட்டையாக எழுதியிருந்தால், விபத்துக்குப் பின் அவர்கள் சொல்வதுதான் விலை.

ஊருக்குத் திரும்பும்போது காரை இந்தியாவுக்குக் கொண்டுபோகலாமா என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். மூன்று வருடத்துக்கு மேல் பழைய காரை இறக்குமதி செய்ய இந்திய விதி பொதுவாக இடம் தராது. முப்பது வயதுக் காருக்கு அந்த வழி மூடியிருக்கிறது. இங்கே ஓட்ட, இங்கேயே விற்க என்று முடிவு செய்துகொண்டு வாங்குங்கள்.

பணத்தைப் பற்றி நேராகச் சொல்கிறேன். 355 வாங்கினால் காருக்குக் கொடுக்கும் தொகைக்கு மேல் குறைந்தது பத்தாயிரம் பவுண்டு கையில் இருக்கவேண்டும் என்பது என் கணிப்பு. ஹெட் கழற்ற நேர்ந்தால் அதுவும் போதாமல் போகலாம். என்எஸ்எக்ஸ்-க்கு அதில் பாதி இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். உங்களிடம் உள்ளது முழுவதும் காரின் விலைக்கே சரியாகப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 355-ஐ இப்போது தொடாதீர்கள். கடன் வாங்கிப் பெல்ட் மாற்றுகிற நிலையில் அந்தக் கார் உங்களுக்குச் சந்தோஷம் தராது.

நேரமும் இருக்கிறது. இப்போது மார்ச் முடியப்போகிறது. வசந்தம் வந்தால் எல்லோரும் தங்கள் காரை எழுப்புவார்கள். நல்ல ஃபெராரி பட்டறைகளில் இடம் கிடைக்கவே வாரங்கள் ஆகும். என்ஜின் இறக்கினால் எல்லாம் நன்றாக இருந்தாலே இரண்டு மூன்று வாரம். ஏதாவது பாகத்துக்குக் காத்திருக்க நேர்ந்தால் அப்பா வந்து, தங்கி, திரும்பிப் போன பிறகும் கார் லிஃப்டில் நிற்கும்.

சனிக்கிழமை பார்க்கப் போகும்போது, என்ஜினைச் சூடாக்கி வைக்கவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் என்ஜின் மூடியில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பிவிடுங்கள். சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிந்து, பிறகு அணையவேண்டும். எரியவே எரியாத விளக்கு, பல்பு கழற்றப்பட்ட விளக்காக இருக்கலாம். ஸ்டார்ட் ஆனதும் சைலன்சரைப் பாருங்கள்: நீலப் புகையா, வெறும் ஆவியா. அரைமணி நேரமாவது ஓட்டுங்கள், அதில் பாதி நெரிசலில். விசிறி ஓடுகிறதா, சூடு ஏறாமல் நிற்கிறதா என்பது நெரிசலில்தான் தெரியும். பிறகு அணைத்து, பத்து நிமிடம் கழித்துத் திரும்ப ஸ்டார்ட் செய்யுங்கள். நல்ல வார்த்தை பேசும் விற்பனையாளரிடம் அதிகம் பேசாதீர்கள். பில் கட்டை வாங்கிக்கொண்டு ஒரு மேசையில் உட்கார்ந்து, தேதிவாரியாக அடுக்கிப் படியுங்கள். அதற்கு அவர் அவசரப்படுத்தினால் அதுவும் ஒரு பதில்தான்.

இவ்வளவும் படித்த பிறகும் மனம் 355-இடமே நின்றால், ஒரு வழி இருக்கிறது. விற்பவர் தன் செலவில், நீங்கள் தேர்ந்தெடுக்கும் பட்டறையில் என்ஜினை இறக்கிப் பெல்ட் மாற்றிக்கொடுக்கவேண்டும். இறக்கியிருக்கும்போது நீங்கள் நேரில் போய்ப் பார்க்கவேண்டும். எட்டு சிலிண்டர் லீக் டவுன் எண்களும் எழுத்தில் வரவேண்டும். இதற்கு அவர் சம்மதித்து, எண்களும் நன்றாக வந்தால், என் சொல்லை மீறி வாங்குங்கள், நானும் வந்து பார்க்கிறேன். மறுத்தால், பத்து வருடம் ஒரே கையில் இருந்த அந்தக் கறுப்புக் கார் வேறு யாருக்கும் போவதற்குள், கியர் பாக்ஸ் எண்ணைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிடுங்கள்.

வேல்ஸில் பிளாக் மவுண்டன் மேல் போகும் ஏ4069 சாலையைப் பாருங்கள். ஆடு குறுக்கே வரும், மெதுவாகப் போங்கள். ஊர்களுக்குள் 2023 செப்டம்பர் முதல் பெரும்பாலும் 20 மைல்தான் வரம்பு. இன்னொன்று. இந்திய ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கும் விருந்தினர் இங்கே பன்னிரண்டு மாதம் வரை கார் ஓட்டலாம். இந்த மாதிரிக் காருக்கு எல்லா இன்சூரன்ஸ் கம்பெனியும் ஒப்புக்கொள்ளாது, ஆனால் சில நாளுக்கு மட்டும் பெயர் சேர்க்கமுடியுமா என்று பாலிசி எடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பவர் ஸ்டீயரிங் இல்லாத லாரியை வளைத்த கை அது. என்எஸ்எக்ஸ் ஸ்டீயரிங்கின் கனம் உங்களைவிட அவருக்குப் பழக்கமானது. வரும்போது லைசென்ஸை மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள்.